ஆங்கிலம் இருக்கும்போது இன்னொரு மொழி எதற்கு? ஒன்ராறியோப் பெற்றோருக்காக ஓர் ஒப்பீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிள்ளைக்கு நான்கைந்து வயதாகும்போதே பெற்றோர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு இமர்ஷனில், அதாவது பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பில் சேர்ப்பதா, ஆங்கில வகுப்பிலேயே விடுவதா? பல கல்விச் சபைகளில் பள்ளி தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதால் ஆற அமர யோசிக்கவும் நேரமிருக்காது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதோடு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் சேர்ந்து வரும். நீச்சல், பியானோ, கணக்கு ட்யூஷன் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எத்தனை மொழியைத்தான் கொடுப்பது? ஆங்கிலம் நன்றாக வந்தால் போதாதா?

இந்தக் கேள்வி பக்கத்து வீட்டு ஆங்கிலக் குடும்பத்துக்கும் நமக்கும் பொதுவானது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான். பாலர் வகுப்புக்குப் போகும்வரை தமிழில் மழலை பேசிய பிள்ளை, இரண்டு மூன்று வருடத்தில் அண்ணனோடு சண்டை பிடிப்பதுகூட ஆங்கிலத்தில்தான். அம்மம்மா தமிழில் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். "விளங்கும், ஆனால் கதைக்க மாட்டான்" என்று ரொறன்ரோவில் தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம். எனவே நம் பிள்ளைகளையும் ஆங்கிலம் முதல் மொழியாக உள்ளவர்கள் என்றே வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் நேர்மை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மொழி கற்கத்தான் வேண்டும். ஆனால் உலகில் எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. பிள்ளைக்கு அந்த மொழியில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பிள்ளை தடுமாறும்போது ஆங்கிலத்துக்குத் தாவாமல் பொறுமையாகக் காத்திருக்க யார் இருக்கிறார்கள்? கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஒன்றும் கற்காமல் விட்டால்

இதையும் ஒரு வழியாக மதித்தே பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் எடுக்கும் வழி இதுதான். 2021 குடிமதிப்பின்படி பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் 46.4 சதவீதம் பேர் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் உரையாடக் கூடியவர்கள். கியூபெக்குக்கு வெளியே அது 9.5 சதவீதம். 2001இல் 10.3 ஆக இருந்தது. இருபது வருடத்தில் கூடவில்லை, குறைந்திருக்கிறது. நாட்டுக்கு இரண்டு ஆட்சிமொழிகள் என்று 1969இல் சட்டம் போட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகும் நிலைமை இது.

காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அன்றாட வாழ்க்கையில் எதுவும் தடைப்படுவதில்லை. 2021 நவம்பரில் ஏர் கனடாவின் தலைமை நிர்வாகி மைக்கேல் ரூசோ மொன்றியல் வர்த்தக சபையில் ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசினார். பதினான்கு ஆண்டுகளாக மொன்றியல் பகுதியில் வசித்தும் பிரெஞ்சு இல்லாமலே வாழ முடிந்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். கியூபெக் முழுவதும் கொந்தளித்தது. மறுநாள் அவர் மன்னிப்புக் கேட்டு, பிரெஞ்சு கற்பதாக உறுதியளித்தார். ஊரே பிரெஞ்சு பேசும் இடத்தில், ஆட்சிமொழிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு நிறுவனத்தின் உச்சிப் பதவிக்கே ஆங்கிலத்தை மட்டும் வைத்துப் போக முடிந்திருக்கிறது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒருவருக்கு என்ன நெருக்கடி வரப்போகிறது?

நெருக்கடி வராது, உண்மைதான். ஆனால் சில கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். கூட்டாட்சி அரசு வேலை அதில் முக்கியமானது. அங்கே இருமொழிப் பதவி அறிவிப்பில் "சிபிசி" என்று மூன்றெழுத்து இருக்கும்: வாசிப்பில் சி நிலை, எழுத்தில் பி நிலை, பேச்சில் சி நிலை. ஏ, பி, சி என்ற வரிசையில் சி மேலானது. ஒட்டாவா போன்ற இருமொழிப் பகுதிகளில் மேற்பார்வையாளராகப் புதிதாக நியமிக்கப்படுகிறவர்களுக்கு 2025 ஜூனிலிருந்து இந்த நிலை வேண்டும். இருபத்திரண்டு வயதில் வேலையில் சேரும்போது யாரும் கேட்க மாட்டார்கள். முப்பத்தைந்து வயதில் பதவி உயர்வு வரும்போதுதான் அது குறுக்கே நிற்கும். இருமொழிப் பதவிக்கான ஊக்கத்தொகை என்னவோ 1977இலிருந்து ஆண்டுக்கு 800 டொலர்தான். அதற்காக யாரும் மொழி கற்க வேண்டாம். பதவிக்காகக் கற்கலாம்.

எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும் சிக்கல்

மற்ற மொழிக்காரர் ஆங்கிலம் கற்கும்போது ஊரே தள்ளிவிடும். யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு பையன் ஆங்கிலம் கற்றால் வேலை, மேற்படிப்பு, இணையம் எல்லாம் அவனை அந்தப் பக்கம் இழுக்கும். ஆங்கிலம் பேசும் பிள்ளை வேறு மொழி கற்கும்போது எல்லாம் எதிர்த்திசையில் இழுக்கும். மொன்றியல் கடைகளில் "பொன்ஜூர்-ஹாய்" என்று இரண்டு மொழியிலும் சேர்த்து வரவேற்பார்கள். பதிலுக்கு நாம் திக்கித் திக்கி ஒரு பிரெஞ்சு வாக்கியம் சொல்வோம். கடைக்காரர் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். 2017இல் கியூபெக் சட்டசபை, "பொன்ஜூர்" என்று மட்டும் வரவேற்கும்படி கடைக்காரர்களைக் கேட்டு ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. பிரெஞ்சைக் காப்பதற்காக அவர்கள் செய்தது அது. கற்கிறவருடைய பக்கமிருந்து பார்த்தாலும் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறாமல் இருப்பதுதான் உதவி.

ஆங்கிலக்காரர்களுக்கு மொழி மூளை இல்லை என்று சொல்வது தவறு. அவர்களுக்குப் பயிற்சி செய்ய இடம் கிடைப்பதில்லை. நம் வீடுகளிலும் நடப்பது இதேதான். பிள்ளை தமிழில் ஒரு சொல்லுக்குத் தேடும்போது, நேரமாகிறதே என்று நாமே ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

கோர் பிரெஞ்சும் இமர்ஷனும்

ஒன்ராறியோவில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும், இமர்ஷனில் சேராத பிள்ளைகள் 4ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்புவரை கோர் பிரெஞ்சு, அதாவது பிரெஞ்சை ஒரு தனிப் பாடமாக மட்டும் படிக்கிறார்கள். அப்புறம் 9ஆம் வகுப்பில் ஒரு கிரெடிட் எடுத்தால் கடமை முடிந்தது. மாகாணப் பாடத்திட்டத்தின்படி 8ஆம் வகுப்பு முடிவில் கோர் பிரெஞ்சு மாணவருக்குச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் 600 மணி. இமர்ஷன் மாணவருக்கு 3,800 மணி. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

600 மணி என்றால் எவ்வளவு? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சி நிலையத்தின் கணக்கு நல்ல அளவுகோல். ஆங்கிலம் பேசுகிறவருக்குப் பிரெஞ்சில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேர்ச்சி வர அவர்கள் கொடுப்பது 30 வார முழுநேர வகுப்பு. கற்கிறவர்கள் படித்த, ஊக்கமுள்ள வயதுவந்தவர்கள். வகுப்பில் சிலரே இருப்பார்கள். அதற்கு மேல் வீட்டுப்பாடம் வேறு. அப்படியிருந்தும் 700 மணிக்கு மேல் ஆகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள அறையில், நாளுக்கு நாற்பது நிமிடமாக ஐந்து வருடத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கும் 600 மணி அதற்கு எந்த விதத்திலும் ஈடாகாது. கோர் பிரெஞ்சு படித்த பிள்ளை வினைச்சொல் அட்டவணையை ஒப்பிக்கும், மெனு அட்டையை வாசிக்கும், அவ்வளவுதான். ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. கொடுத்த நேரத்துக்கு அதுதான் விளைச்சல்.

இமர்ஷன் பிறந்ததே இந்தக் குறையிலிருந்துதான். மொன்றியலுக்கு ஆற்றின் மறுகரையில் செயின்ட் லாம்பர்ட் என்றொரு புறநகர் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் வருடக்கணக்காகப் பிரெஞ்சு படித்தும், பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுப் பிள்ளையோடு விளையாட முடியாமல் இருந்தார்கள். ஓல்கா மெலிகாஃப், மூரியல் பார்க்ஸ், வலேரி நீல் என்ற மூன்று பெண்கள் முன்னின்று மற்றப் பெற்றோரையும் திரட்டினார்கள். கல்விச் சபை தயங்கியது. மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் பெற்றோர் பக்கம் நின்றார்கள். 1965இல் ஒரு பாலர் வகுப்பு முழுக்கப் பிரெஞ்சில் தொடங்கியது. கணிதமும் விளையாட்டும் பாட்டும் பிரெஞ்சிலேயே நடந்தன. லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் சற்றுப் பின்தங்கினாலும், ஆங்கிலப் பாடம் சேர்ந்த பிறகு பிள்ளைகள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சோ, கோர் பிரெஞ்சுப் பிள்ளைகள் நெருங்க முடியாத இடத்தில் இருந்தது.

இமர்ஷனில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயம், ஆங்கிலம் கெட்டுவிடுமோ என்பது. ஆங்கிலம் சூழ்ந்த ஊரில் அது கெடாது. அந்தப் பயத்தை விட்டுவிடலாம். பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு.

முதலாவது, பேச்சு. ரொறன்ரோவின் ஒயிஸி கல்வி நிறுவனத்தில் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் இமர்ஷன் மாணவர்களைக் கவனித்து 1985இல் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். கேட்பதிலும் வாசிப்பதிலும் அவர்கள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறார்கள். பேசுவதிலும் எழுதுவதிலும் அப்படி வருவதில்லை. வகுப்பில் கேட்பது அதிகம், தாங்களே வாய் திறந்து, திருத்தப்பட்டு, மறுபடி சொல்லிப் பார்ப்பது குறைவு என்பதை அவர் ஒரு முக்கியக் காரணமாகப் பார்த்தார். மதிய இடைவேளையில் இமர்ஷன் பள்ளி மைதானத்தில் போய் நின்று பாருங்கள். பிள்ளைகள் பேசுவது ஆங்கிலம். ஆசிரியர் அருகில் வந்தால் பிரெஞ்சு, நகர்ந்தால் ஆங்கிலம். 3,800 மணி நேரம் கொடுத்தும், ஆங்கிலத்துக்கு மாறாத ஆள் இல்லாவிட்டால் நாக்கு திரும்பாது.

இரண்டாவது, நடுவில் விடுவது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது பலர் இமர்ஷனை விட்டுவிடுகிறார்கள். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் படித்தால் மதிப்பெண் கூடும் என்பது ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பில் நிறுத்தி அதன் பிறகு தொடாவிட்டால் பிரெஞ்சு வேகமாகத் தேய்ந்துவிடும். வெளியே வருவது சுலபம். மறுபடி உள்ளே போவது கடினம். சில கல்விச் சபைகளில் 4ஆம் அல்லது 7ஆம் வகுப்பில் இன்னொரு நுழைவாயில் இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை.

மூன்றாவது, ஆசிரியர் தட்டுப்பாடு. தகுதியான பிரெஞ்சு ஆசிரியர்கள் கிடைக்காமல் கல்விச் சபைகள் திண்டாடுகின்றன. பிள்ளைக்கு வாசிப்பில் தனி உதவி தேவைப்பட்டால் அது இமர்ஷனில் கிடைக்குமா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். "ஆங்கில வகுப்புக்கு மாற்றிவிடுங்கள்" என்ற அறிவுரைதான் பல பெற்றோருக்கு முதலில் கிடைக்கிறது. கற்றல் சிரமம் உள்ள பிள்ளையால் இரண்டு மொழி கற்க முடியாது என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உதவியைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் பிரெஞ்சு தெரியாதே, வீட்டுப்பாடத்துக்கு என்ன செய்வது என்ற தயக்கமும் நம்மவரிடம் உண்டு. இமர்ஷன் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சு தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக அமைக்கப்பட்டது. ஆங்கிலப் பெற்றோர் எந்த நிலையில் இருக்கிறார்களோ அதே நிலையில்தான் நாமும் இருக்கிறோம்.

சனிக்கிழமைத் தமிழ்

இப்போது நம் பக்கம் வருவோம். கல்விச் சபைகள் நடத்தும் சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழ் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு முப்பது வாரம் என்று வைத்தால் 75 மணி. முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒரு பிள்ளை விடாமல் போனால் 600 மணி. கோர் பிரெஞ்சுக்குக் கிடைக்கும் அதே 600.

மேலே சொன்ன அமெரிக்கப் பயிற்சி நிலையம் தமிழுக்கு ஒதுக்குவது 44 வாரம், அதாவது 1,100 வகுப்பு மணி. ஆங்கிலம் பேசுகிறவருக்குத் தமிழ் பிரெஞ்சைவிடத் தொலைவில் இருக்கும் மொழி; எழுத்து வேறு, வாக்கிய அமைப்பு தலைகீழ், எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு. ஆக சனிக்கிழமை வகுப்பை மட்டும் நம்பினால் கோர் பிரெஞ்சைவிடக் குறைவான பலன்தான் வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது: "அ, ஆ" எழுதுவார்கள், ஆண்டு விழாவில் திருக்குறள் ஒப்பிப்பார்கள், அம்மம்மாவிடம் ஒரு முழு வாக்கியம் பேச மாட்டார்கள்.

ஆனால் தமிழுக்கு ஸ்காபரோவில் பிரெஞ்சுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாறாத மனிதர்கள். பல வீடுகளில் அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ ஆங்கிலம் ஓரளவு விளங்கினாலும் பேச வராது. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைக்கும் பெரியப்பாவுக்கு, "சாப்பிட்டியா ராசா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க நேரமிருக்கிறது. ரொறன்ரோ வட்டாரத்தில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் தேவாலயங்களும் வானொலியும் இருக்கின்றன. பிரெஞ்சு பேசும் ஒரு முதியவரைத் தேடி நாம் எத்தனை மைல் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் தமிழ் பேசினால் வருடத்துக்கு 700 மணி தாண்டும். எந்தத் தமிழ் வகுப்பாலும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. அதற்கு மேல் சனிக்கிழமை வகுப்பு வாசிப்பையும் எழுத்தையும் கொடுத்தால் போதும். வகுப்புக்குரிய வேலை அதுதான். பேச்சை வகுப்பு தரும் என்று எதிர்பார்த்து, வீட்டில் ஆங்கிலம் பேசிக்கொண்டு, பிள்ளையைக் குளிரில் காரில் ஏற்றிக்கொண்டு போவதில் பெரிய பயன் இல்லை.

"தமிழ் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தமிழை 110 மணி நேரப் பாடமாக எடுத்து டிப்ளோமாவுக்குக் கிரெடிட் பெறலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 லட்சம் டொலர் திரட்டப்பட்டு, நிதி 2021இல் நிறைவெய்தியது. மருத்துவமனை, சட்ட உதவி, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றிலும் தமிழ் பேசும் ஊழியர் தேவைப்படுகிறார்கள். ஆனாலும் வேலையை முன்னால் வைத்துத் தமிழுக்கு வாதாட எனக்கு விருப்பமில்லை. மறதி நோய் வந்த முதியவர்கள் பலர் பிற்பாடு கற்ற மொழியை இழந்து முதல் மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாளை நமக்கும் அப்படி ஆகலாம். அன்றைக்கு நம் படுக்கை அருகில் இருக்கும் பிள்ளைக்கு நாம் சொல்வது புரிய வேண்டும். இதற்கு மேல் எனக்குக் காரணம் தேவையில்லை.

இரண்டையும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இமர்ஷனா தமிழா என்று பலர் இதை ஒரு போட்டியாகப் பார்க்கிறார்கள். இரண்டும் மோதுவதே இல்லை. இமர்ஷன் பள்ளி நேரத்தில் நடக்கிறது, தமிழ் வீட்டு நேரத்தில் நடக்கிறது. இரண்டுக்கும் போட்டி ஆங்கிலம்தான். அதே ஒயிஸியைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இதையொட்டியதே: ஒரு மொழியில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் வளர்ந்தால் அது மற்ற மொழிக்கும் கைகொடுக்கும். வீட்டு மொழியை நிறுத்துவதால் பள்ளி மொழி வேகமாக வளராது. "வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்று எந்த ஆசிரியராவது நல்லெண்ணத்தோடு சொன்னால், நன்றி சொல்லிவிட்டுத் தமிழிலேயே தொடருங்கள்.

நேரமோ தெம்போ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் தமிழைத்தான் முதலில் வைப்பேன். பிரெஞ்சை இருபது வயதிலும் பிடிக்கலாம். கனடாவில் அதற்குக் கூட்டாட்சி அரசே பணம் கொடுக்கிறது. அம்மம்மாவோடு பேசும் தமிழை இருபது வயதில் கற்க வந்தால், பேச அம்மம்மா இருப்பாரா என்பது தெரியாது.

வீட்டில் வேறு மொழி இல்லாத ஆங்கிலக் குடும்பத்துக்கு என் பதில் வேறு. 12ஆம் வகுப்புவரை தொடரும் மனம் இருந்தால் இமர்ஷன். ஒட்டாவாவில் வசிப்பவர்கள் என்றால் தயங்கவே வேண்டாம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கத்தினோ, அங்கே பிரெஞ்சுதான். ஹெர்ஸ்ட் போன்ற வட ஒன்ராறியோ ஊர்களில் தெருவிலேயே பிரெஞ்சு கேட்கும். அக்கம்பக்கத்தில் மான்டரின் பேசும் குடும்பங்களோடு நெருங்கிய பழக்கம் இருந்தால் அதையும் யோசிக்கலாம், ஆனால் ஆங்கிலக்காரருக்கு அதன் கணக்கு 2,200 மணி என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். ஸ்பானிஷ் மணிக்கணக்கில் சுலபம்தான். ரொறன்ரோவில் பேச ஆள் இருந்தால் எடுக்கலாம், அமெரிக்காவில் பயன்படும் என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் வேண்டாம்.

கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: பயணத்துக்கும் படிவத்துக்கும் கைபேசி போதும். பாட்டியின் மடியில் படுத்துக் கதை கேட்க அது உதவாது. மூளைக்கு நல்லது என்ற வாதத்தையும் நான் முன்வைக்க மாட்டேன். யோர்க் பல்கலைக்கழகத்தின் எலன் பியாலிஸ்டாக் 2007இல் ரொறன்ரோ நோயாளிகளைப் பார்த்து, இருமொழியாளருக்கு மறதி நோய் அறிகுறிகள் சுமார் நான்கு ஆண்டு தாமதமாகத் தொடங்குவதாகக் காட்டினார். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அவருடைய முடிவோடு ஒத்துப்போகவில்லை. உண்மையாக இருந்தால் நல்லது, அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கு

கோர் பிரெஞ்சோடு நிறுத்திவிட்ட பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எக்ஸ்ப்ளோர் என்றொரு திட்டம் இருக்கிறது. அரசு உதவித்தொகையில் பெரும்பாலும் ஐந்து வாரம், கியூபெக் போன்ற இடங்களில் தங்கிப் படிக்கலாம். பல இடங்களில் பிரெஞ்சுக் குடும்பத்தோடு தங்க வைப்பார்கள், ஆங்கிலம் பேச மாட்டேன் என்று வாக்குறுதி வாங்குவார்கள், மீறினால் எச்சரிக்கை. நான் மேலே சொன்ன "மாறாத ஆள்" என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்த திட்டம் அது. ஐந்து வாரத்தில் சரளம் வந்துவிடாது, வாய் திறக்கும் பயம் போகும். இமர்ஷன் முடித்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அவர்களிடம் குறைவது துல்லியமாக இதுதான்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து இதைப் படிக்கும், ஆங்கிலத்தில் படித்துக் கனடாவுக்கு வர நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புள்ளிகளை வைத்துக் குடியேறிகளைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரித் திட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே 2023இலிருந்து தனி அழைப்புகள் வருகின்றன. 2024 பெப்ரவரி கடைசியில் பொது அழைப்புக்கு 530க்கு மேல் புள்ளி தேவைப்பட்ட அதே வாரத்தில், பிரெஞ்சு அழைப்பு 336க்கு இறங்கியது. இதற்குக் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்கிலும் கனடாவின் பிரெஞ்சு மொழி அளவுகோலில் 7ஆம் நிலை வேண்டும். "மூன்று மாதத்தில் பிரெஞ்சு" என்ற விளம்பரங்களை மேலே சொன்ன மணிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நேர்மையாகப் படித்தால் ஒரு வருடத்துக்குக் குறையாத வேலை அது. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன்

இமர்ஷன் என்று முடிவு செய்தால் பள்ளிக்குப் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். எந்த வகுப்புவரை இதே பள்ளியில் இருக்கிறது, அதன் பிறகு எந்த உயர்நிலைப் பள்ளி, பஸ் உண்டா? வாசிப்பில் பிள்ளை தடுமாறினால் உதவி பிரெஞ்சில் கிடைக்குமா, ஆங்கிலத்தில் மட்டுமா? கடந்த வருடம் ஆசிரியர் இடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கமே பல விஷயங்களைச் சொல்லிவிடும். பிரெஞ்சு மொழிப் பள்ளிகள் என்று தனியாக இருப்பவை இமர்ஷன் அல்ல. அவை பிரெஞ்சு பேசும் சமூகத்துக்கானவை, அனுமதி விதிகள் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தமிழ் என்று முடிவு செய்தால் வகுப்பைத் தேடுவதற்கு முன் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்யுங்கள். யார் பிள்ளையோடு எப்போதும் தமிழ் மட்டும் பேசுவது என்று பெயர் குறித்து வையுங்கள்: அம்மாவா, அப்பாவா, அம்மம்மாவா? அந்த ஒருவர், பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்லுக்குத் தேடினால் எண்ணிப் பத்து வரை காத்திருக்க வேண்டும். பிழையாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. உறவினர் சிரித்ததால் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்ட பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். கல்விச் சபைகளின் சனிக்கிழமை வகுப்புகளுக்கான பதிவு பெரும்பாலும் புதிய பள்ளி ஆண்டையொட்டி நடக்கும். இமர்ஷன் பதிவு அதற்குப் பல மாதம் முந்தியே முடிந்துவிடும் என்பதால், இரண்டும் வேண்டும் என்பவர்கள் உங்கள் கல்விச் சபையின் இணையதளத்தில் அந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.